லயத்து வீட்டுக்கு ஒரு பேர்

எங்கள் கல்லூரி ஜீப்பை ஓட்டுகிறவர் ஒவ்வொரு மே மாதமும் என்னைப் பார்த்ததும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். “என்ன டீச்சரே, பிள்ளை பிடிக்கப் போலாமா?”

முதல் வருடம் சிரித்தேன். அடுத்த வருடம் முறைத்தேன். இப்போதெல்லாம் பையைத் தூக்கி முன் சீட்டில் போட்டுவிட்டு, “போய்த் தொலையலாம், எடுங்க வண்டிய” என்கிறேன். அவர் பாலக்காடு டவுனில் மளிகைக் கடை வைத்திருக்கும் ராவுத்தர் குடும்பத்துக்காரர். கடையில் உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது என்று தம்பியிடம் விட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தவர். என் முழங்கால் வலியும் அவர் இடுப்பு வலியும்தான் எங்கள் வழிப்பேச்சு.

நான் சித்தூர்ப் பக்கம் ஒரு வேளாண்மைக் கல்லூரியில் பயிர்ப் பாடம் நடத்துகிறவள். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு இரண்டு வருட டிப்ளமோ ஒன்று இருக்கிறது. அதில் கேரளத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று ஒரு தனி பேட்ச். படிப்பை முடித்தவர்கள் ஊரிலேயே நின்று, நாற்றங்கால் போட்டு, பண்ணை பார்த்து, நாலு பேருக்கு வேலை கொடுத்து கிராமத்தை நிமிர்த்துவார்கள் என்பது கணக்கு. கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. பிள்ளைகள்தான் வருவதில்லை. அந்த பேட்ச் எந்த வருடமும் நிறைந்ததே இல்லை. அதனால் பரீட்சை முடிவு வந்ததும் வாத்தியார்களான நாங்களே வீடு வீடாகப் போய் ஆள் சேர்க்க வேண்டும். பாடம் நடத்துவதற்குத்தான் எம்.எஸ்ஸி. படித்தேன், பிளெக்ஸ் பேனரைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு தெருத் தெருவாக அலைவதற்கு இல்லை. இதைப் பிரின்சிபாலிடம் சொன்னால், “டீச்சர், இந்த வருடமும் நிறையவில்லை என்றால் தமிழ் பேட்சை நிறுத்திவிடச் சொல்கிறார்கள்” என்பார். அதோடு பேனரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

எனக்குச் சொந்த ஊர் நல்லேப்பிள்ளி. வயல் இருக்கிற ஊர். நான் சொல்ல வந்த வருடம் அங்கிருந்துதான் ஆரம்பித்தேன், நம் சனம்தானே என்ற தைரியத்தில். பழகிய ஒரு வீட்டில் உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். வீட்டுக்காரர் பேனரை விரிக்கச் சொல்லி நிதானமாக வாசித்தார். ‘மண்ணைப் படிப்போம், கிராமத்தை உயர்த்துவோம்.’ அதன் கீழே டிராக்டரில் உட்கார்ந்து சிரிக்கும் ஒரு பையன்.

“ஏனுங்க டீச்சர், சேத்துல நிக்கறதுக்கு எதுக்குங்க சர்ட்டிபிகேட்டு?”

“அப்படி இல்லீங்க. இப்ப மண்ணுப் பரிசோதனை இருக்குது, விதை உற்பத்தி இருக்குது...”

“இருக்கட்டுமுங்க. நம்ம பையன் கனடாவுக்குப் பேப்பர் போட்டுட்டானுங்க. வயலைக் குத்தகைக்கு உட்டாச்சு. நீங்க இன்னொரு டம்ளர் மோர் குடிங்க.”

இப்படி வீட்டுக்கு வீடு மோர். மகள் நர்சிங், மகன் ஜெர்மனி, மருமகன் துபாய். வயலைப் பார்க்க வடக்கேயிருந்து ஆள் வருகிறார்கள். வாய் வலிக்கப் பேசி, வயிறு முட்ட மோர் குடித்து, ஒரு பிள்ளைகூடக் கிடைக்காமல் திரும்பினேன். ஜீப்பில் ஏறியதும், “நிலம் இருக்கறவனுக்குப் படிப்பு வேண்டாம், படிப்பு வேணுங்கறவனுக்கு நிலம் இல்ல. என்ன பொழப்புங்க இது?” என்று டிரைவரிடம் கத்தினேன். அவர் வண்டியை ஓரங்கட்டி எனக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார்.

மறுவாரம் பிரின்சிபால் எங்களை மலைக்கு அனுப்பினார். சூரியநெல்லியில் தமிழ்க் குடும்பங்கள் அதிகம், எஸ்டேட் பிள்ளைகள், நன்றாகப் படிக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பொள்ளாச்சி, உடுமலை வழியாகத் தமிழ்நாட்டுக்குள் புகுந்து, சின்னாறு செக்போஸ்டில் மறுபடி கேரளத்துக்குள் வந்து, மறையூர் ஏறி மூணாறு போய், அங்கிருந்தும் வளைந்து வளைந்து போக வேண்டும். வழியில் யானை நிற்கிறது என்று வேறு வெகுநேரம் நிறுத்திவைத்தார்கள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் என் முழங்கால் கதவில் இடித்தது. யானையைத் திட்ட முடியாததால் பிரின்சிபாலைத் திட்டிக்கொண்டே போனேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் ஹாலைப் பாதர் எங்களுக்கு ஒதுக்கிக் கொடுத்திருந்தார். ஹால் நிறையப் பிள்ளைகளும் தாய்மார்களும். நான் நல்லேப்பிள்ளியில் பேசிய அதே பேச்சைத்தான் பேசினேன். வேறு பேச்சு என்னிடம் ஏது? “படிச்சு முடிச்சு உங்க ஊருக்கே திரும்பி வரலாம். உங்க சொந்த மண்ணுல நீங்களே பண்ணை வைக்கலாம்.”

பின்வரிசையில் தாய்மார்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா, வயதுக்கு மீறி முகம் கறுத்துச் சுருங்கியவர், எழுந்து நின்று மரியாதையாகவே கேட்டார். “சொந்த மண்ணுன்னு எதைச் சொல்லுதீங்க டீச்சர்? இது கம்பெனி மண்ணுல்ல? எங்க பாட்டன் சங்கரன்கோயில் பக்கமிருந்து வந்தவரு. அங்கயும் இப்ப எங்களுக்கு ஒண்ணும் கெடையாது.”

ஹாலே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன், வேறென்ன செய்ய? ஆனாலும் கடைசியில், “சரி, யாருக்கெல்லாம் இந்தப் படிப்பு வேணும்? கை தூக்குங்க பாக்கலாம்” என்று கேட்டபோது இரண்டு கைகள் உயர்ந்தன. கேள்வி கேட்ட அம்மாவின் பக்கத்தில் பச்சை ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்த பெண்ணின் கை ஒன்று. அவளுக்கு அடுத்து உட்கார்ந்திருந்த நெட்டைப் பெண்ணின் கை இன்னொன்று.

இருவரும் அடுத்தடுத்த லயத்துக்காரர்கள், இணைபிரியாத சிநேகிதிகள். லயம் என்றால் எஸ்டேட் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள். பச்சை ஸ்வெட்டர்க்காரி அந்த வருடம்தான் பிளஸ் டூ முடித்திருந்தாள். வீட்டுக்குப் பின்னால் ஒரு பாய் அளவு இடத்தில் கேரட்டும் பீன்ஸும் போட்டிருப்பதாகச் சொன்னாள். “டீச்சர், எங்க கேரட்டு ரெண்டு காலு மொளச்ச மாதிரிப் பிரிஞ்சு பிரிஞ்சு வருது. ஏன்?” என்றாள். அந்த மலையேறி வந்ததற்கு எனக்குக் கிடைத்த முதல் பாடக்கேள்வி. அடியில் கல் இருக்கும், கொத்திவிட வேண்டும் என்றேன். அதை ஏதோ ரகசியம் கேட்டதுபோல் சிநேகிதியிடம் திரும்பிச் சொன்னாள்.

நெட்டைப் பெண் அதற்கு முந்தைய வருடமே பிளஸ் டூ முடித்து வீட்டில் இருந்தாள். அவளுக்குக் கேரட்டெல்லாம் பொருட்டில்லை. “மாட்டைப் பத்தியும் சொல்லிக்குடுப்பீங்களா? படிச்சா மாட்டுப்பட்டிப் பண்ணையில எடுப்பாங்களா?” என்று கேட்டாள். மாட்டுப்பட்டி மூணாறுக்குப் பக்கம், மாட்டுப் பண்ணையும் அணையும் இருக்கிற ஊர். சின்ன வயதில் ஒருமுறை அங்கே போனவள், மற்ற பிள்ளைகள் அணையில் படகைப் பார்த்துக்கொண்டிருக்க இவள் மட்டும் பண்ணை வேலிக்கு வெளியே நின்று மாடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். இப்போது வீட்டில் ஒரு மாடு வைத்திருக்கிறாள், சினையாக இருக்கிறது.

“ஏன் எடுக்க மாட்டாங்க? கண்டிப்பா எடுப்பாங்க” என்றேன். எனக்கென்ன தெரியும்? ஆனால் அந்தக் கண்களைப் பார்த்துவிட்டு வேறு மாதிரிச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

டிரைவர் அப்போதே அவர்களுக்குக் கேரட்டுக்காரி, மாட்டுக்காரி என்று பேர் வைத்துவிட்டார். எனக்கும் அதுவே பழகிவிட்டது.

கூட்டம் கலைந்ததும் இருவர் வீட்டுக்கும் போய்ப் பேசினேன். முதலில் மாட்டுக்காரி வீடு. அவள் அப்பா எஸ்டேட்டில் நிரந்தர ஆள், அண்ணன் மனைவியும் நிரந்தர ஆள். ஆகையால் இவள் தலையில் பாரம் எதுவும் இல்லை. அப்பா வெற்றிலைக் காவி படிந்த பல்லைக் காட்டி, “பிள்ளைக்கு இஷ்டம்னா போகட்டும் டீச்சர், கொழப்பமில்ல” என்றார். இவ்வளவு சுலபமாக ஒரு வீட்டில் நான் ஜெயித்ததே கிடையாது. மாட்டுக்காரி என்னைக் கூட்டிப்போய் மாட்டைக்கூடக் காட்டினாள். கொட்டாய்க் கதவைத் திறந்து வெளிச்சம் பட்டதும் அது திரும்பி என் புடவை முந்தானையை நக்கியது.

அடுத்தது கேரட்டுக்காரி வீடு. ஹாலில் கேள்வி கேட்ட அம்மாதான் அவள் தாய். “குனிஞ்சு வாங்க, தல தட்டும்” என்று கூப்பிட்டு உட்கார வைத்தார். முன்னறையில் ஒரு கட்டில், சுவரில் மாதா படம், அதன் கீழே இறந்துபோன கணவரின் போட்டோ. அடுப்படியில் கட்டஞ்சாயா, பால் விடாத டீ, கொதித்தது. தேயிலைக்கு நடுவே உட்கார்ந்து இவ்வளவு மோசமான தேயிலையைக் குடிக்கிறார்களே என்று நினைத்தேன். நல்ல தூளெல்லாம் கீழே போய்விடும் போல.

அந்த அம்மா சுற்றி வளைக்கவில்லை. “டீச்சர், எம் மக நல்லாப் படிப்பா. அனுப்பணும்னுதான் ஆச. ஆனா இந்த வருசத்தோட எனக்கு ஓய்வு. நான் நின்னதும் எம் பேர வெட்டிருவாங்க. பேர் வெட்டினா வீட்டுச் சாவியக் குடுக்கணும்.”

“அப்படீன்னா?”

“வீட்டுக்கு ஒரு பேர் வேணும். அதான் இங்க சட்டம். வீட்டுல ஒரு ஆளாவது எஸ்டேட்டுல பேர் பதிஞ்சு வேல செய்யணும். நான் எறங்குற அன்னைக்கு எம் மக பேரு ஏறணும். எங்க மாமியா எறங்கினப்போ நான் ஏறினேன். அப்பிடித்தான் இந்த வீடு எங்க கையில நிக்குது.”

“உங்களுக்குப் பையன் யாரும் இல்லீங்களா?”

“திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். கொழுந்து வெட்டுறது பொம்பள வேலன்னு வரமாட்டேங்கான். மருந்தடிக்கிற வேலைக்கு வாடான்னேன், எங்கப்பன் அத அடிச்சுத்தான செத்தாருங்கான். அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?”

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை, அந்த ஏற்பாட்டின்மேல். ஒருத்தி ஆயுசு முழுக்கக் கொழுந்து எடுத்துக் கொடுத்திருக்கிறாள், கடைசியில் தலைக்கு மேல் இருக்கிற கூரைக்காகப் பெற்ற மகளையும் அதே வரிசையில் நிறுத்த வேண்டும். அதை வாய்விட்டுச் சொன்னேன். “இதென்னங்க அநியாயம்? நீங்க எல்லாரும் சேந்து கேக்கக் கூடாதா?”

“கேட்டோம் டீச்சர். நிலம் தாரோம், வீடு கட்டித் தாரோம்னு ஒவ்வொரு எலக்‌ஷனுக்கும் சொல்லுதாங்க. அதுவரைக்கும் மழைக்கு எங்க ஒதுங்க?”

கேரட்டுக்காரி அதுவரை கதவோரம் நின்றிருந்தவள் வெடித்தாள். “நான் கேட்டேனா இந்த வீட்ட? இதக் காவல் காக்கத்தான் என்னப் பெத்தியா?”

“நீ கேக்கல. நீ பொறந்ததே இந்தக் கட்டில்லதான். போய்ச் சாயாவ எறக்கு, பொங்குது” என்றார் அம்மா.

அவள் போய் இறக்கினாள். அழுதுகொண்டேதான் இறக்கினாள். எனக்கு ஒரு பக்கம் அந்தப் பெண்ணுக்காக மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இன்னொரு பக்கம், பேட்சுக்கு ஒரு தலை குறைகிறதே என்ற கவலையும் இருந்தது, அதை மறைப்பானேன்.

இறங்கும்போது டிரைவர் கேட்டார். “என்ன டீச்சரே, எத்தன மீன் மாட்டுச்சு?”

“மாட்டுக்காரி உறுதி. கேரட்டுக்காரி கஷ்டம்” என்றேன்.

அதற்குப் பிறகு சில வாரங்கள் வெறும் போன்தான். காலையில் எழுந்தால் போன், சாப்பிடும்போது போன். “அக்ரி படிச்சா பேங்கு வேல கெடைக்குமாங்க?” என்று ஒருவர். “ஹாஸ்டல்ல தினமும் சிக்கன் போடுவீங்களா?” என்று ஒரு பையன். பிரின்சிபால் ராத்திரி பகல் பார்க்காமல் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார், அதில் பாதி பெருமூச்சு. என் கணவர், “பேசாம பெட்டிக்கடை வெச்சுரலாம் நாம” என்றார். அவர் கிண்டலாகத்தான் சொன்னார், எனக்கு ஒரு நிமிடம் நல்ல யோசனையாகவே பட்டது.

ஒரு நாள் வகுப்பில் இருக்கும்போது சூரியநெல்லி அம்மா கூப்பிட்டார். “டீச்சர், எம் மக வாரா. சீட்டு இருக்குல்ல? வீட்டுக்கு ஆள் கெடச்சாச்சு.”

எனக்கு வந்த சந்தோஷத்தில் யார் என்ன என்று எதையும் கேட்கவில்லை. மகன் மனசு மாறித் திரும்பி வந்துவிட்டான் என்று நானே நினைத்துக்கொண்டேன். சாக்பீஸோடு ஓடிப்போய்ப் பிரின்சிபாலிடம் சொன்னேன். டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். “ரெண்டு பேரும் வாராளுங்க, பாத்தீங்களா?” என்றேன். அவர், “இந்த வருசம் நம்ம ஜீப்புக்கு மரியாத வந்துருச்சு” என்றார்.

சேரும் நாளன்று அம்மாவும் மகளும் ஒரு டிராவல் பேகோடு வந்து இறங்கினார்கள். ராத்திரியெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. நான் அவர்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன்.

“எங்கீங்க உங்க நெட்டச்சி? மாட்ட விட்டுட்டு வர மனசில்லையாமா?”

கேரட்டுக்காரி குனிந்துகொண்டாள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, “அவதான் டீச்சர் இப்ப எம் மருமக” என்றார்.

எனக்கு விளங்க நேரமாயிற்று. மகனைத் திருப்பூரிலிருந்து வரவழைத்து, கோயிலில் அவசரமாகக் கல்யாண ஓலை வாசித்து, அந்தப் பெண்ணைக் கட்டிவைத்திருக்கிறார். மகன் மறுபடி திருப்பூருக்குப் போய்விட்டான். மருமகள் பேர் எஸ்டேட்டில் ஏறிவிட்டது. முதலில் டெம்ப்ரவரி, அம்மா ஓய்வு பெற்றதும் நிரந்தரம். மாமியாருக்குப் பின் மருமகள், அவர்கள் வழக்கப்படி வீடு நின்றுவிட்டது. மகள் கையை வீசிக்கொண்டு படிக்க வந்துவிட்டாள்.

“ஏனுங்க, ஒருத்தி படிக்கறதுக்கு இன்னொருத்தி படிப்பக் கெடுக்கறதா? நீங்களும் ஒரு பொம்பளப் பிள்ளையப் பெத்தவங்கதானுங்களே?” ஆபீஸ் வராந்தா என்றுகூடப் பார்க்காமல் கத்திவிட்டேன்.

அவர் பதறவில்லை. “நான் யாரையும் கடத்திட்டு வரல டீச்சர். மொறையாப் போய்க் கேட்டேன், அவ அப்பன் சம்மதிச்சாரு, அவளும் தலையாட்டினா. எம் மவன் குடிகாரன் இல்ல. அவ மாட்டையும் ஓட்டிட்டு வந்து எங்க கொட்டாய்லதான் கட்டியிருக்கோம், கன்னு போட்டுருச்சு. நீங்க வந்து ஒரு பிள்ளையக் கேட்டீங்க. நான் வீட்டையும் பாக்கணும், பிள்ளையையும் பாக்கணும். எனக்கு வேற என்ன வழி இருந்துச்சு, சொல்லுங்க.”

அவர் மகளின் கன்னத்தைத் தடவிவிட்டு அன்று மதிய பஸ்ஸுக்கே திரும்பிப் போனார். மறுநாள் கொழுந்துக்குப் போக வேண்டுமாம்.

சாயங்காலம் ஹாஸ்டல் படியில் உட்கார்ந்திருந்த கேரட்டுக்காரியிடம் கேட்டேன், “உன் சிநேகிதிக்கு இதுல இஷ்டந்தானா?”

“அண்ணன அவளுக்குப் பிடிக்கும் டீச்சர். அதையும் சொல்லணும்ல. ஆனா படிச்சிட்டுக் கட்டிக்கலாம்னுதான் நெனச்சிருந்தா. நான் அம்மாட்ட வேண்டாம்னு சண்ட போட்டேன். அவதான் எங்கிட்ட வந்து, உங்க வீடு போயிட்டா நீ லீவுக்கு எங்க வருவ, நீ போ, நான் பாத்துக்கிடுதேன்னா.” சொல்லி முடிக்கும் முன்பே தேம்ப ஆரம்பித்துவிட்டாள். நான் அவள் முதுகைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிள்ளை பிடிக்கிறவள் என்று டிரைவர் சொல்லும்போதெல்லாம் வராத வலி அன்று வந்தது.

பேட்ச் அந்த வருடமும் நிறையவில்லை. எப்படியோ கெஞ்சிக் கூத்தாடிப் பிரின்சிபால் அதை நிறுத்தாமல் காப்பாற்றினார். காலி இருக்கைகளோடு வகுப்பு நடந்தது. கேரட்டுக்காரி முன்வரிசையில் உட்காருவாள், பக்கத்து இருக்கையில் பையை வைத்துக்கொள்வாள். மண் பாடத்தில் கெட்டிக்காரி. மாட்டு வகுப்பு அவளுக்கு வேப்பங்காய், சாணி வாடையே ஆகாது. ஆனாலும் அந்த வகுப்பில்தான் எல்லோரையும்விட அதிகமாகக் கேள்வி கேட்பாள். கால்நடைப் பாடம் எடுக்கும் சார் என்னிடம், “இந்தப் பிள்ளைக்கு மாட்டு மேல என்ன ஆர்வம் டீச்சர்!” என்று வியந்தார்.

காரணம் எனக்குத் தெரியும். சாயங்காலம் ஹாஸ்டல் பக்கம் போனால் அவள் போனில் பேசுவது கேட்கும். “மைனி, அடுத்த தடவ கன்னு போட்டா மொதல்ல சீம்பால்தான் குடுக்கணுமாம்... இல்ல மைனி, பீச்சி ஊத்திரக் கூடாது... மடி வீங்கினா என்ன செய்யணும்னு நாளைக்குக் கேட்டுச் சொல்லுதேன்.” சிநேகிதியாக இருந்தவளை இப்போது முறைப்படி மைனி என்று கூப்பிடுகிறாள். அன்றைய வகுப்பு மொத்தத்தையும் அப்படியே மலைக்கு ஏற்றி அனுப்பிவிட்டுத்தான் சாப்பிடப் போவாள். சில நாள் டவர் கிடைக்காமல் பாதியில் அறுந்துவிடும். அன்று முழுக்க முகம் வாடிக் கிடக்கும்.

அடுத்த மே வந்தது. டிரைவர் வழக்கம்போலக் கேட்டார், நான் வழக்கம்போலப் பையைப் போட்டேன். புது பேனர் அடித்திருந்தார்கள். டிராக்டர் பையனை எடுத்துவிட்டு, வெள்ளைக் கோட்டும் கையில் ஒரு மண் உருண்டையுமாகக் கேரட்டுக்காரியின் போட்டோவைப் போட்டிருந்தார்கள். ‘மலையிலிருந்து ஒரு மாணவி’ என்று எழுத்து வேறு. பிரின்சிபாலுக்கு அதில் ரொம்பப் பெருமை. எனக்கு அதைச் சுருட்டவும் பிடிக்கவில்லை, விரிக்கவும் பிடிக்கவில்லை.

இந்தத் தடவை பாதர் சனிக்கிழமைதான் ஹால் கொடுத்தார். வேலை நாள் என்பதால் கூட்டம் குறைவு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு டிரைவரும் நானும் பேனரைக் கட்டிக்கொண்டிருந்தோம். அப்போது மாட்டுக்காரி உள்ளே வந்தாள். தலையில் துண்டு, இடுப்பில் சுற்றிய பிளாஸ்டிக் படங்கு, கையில் கொழுந்து வெட்டும் கத்திரி, காலில் ரப்பர் பூட்ஸ். வயலிலிருந்து வந்தால் நல்லேப்பிள்ளியில் கால் கழுவிக்கொண்டு வருவார்கள். இவள் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, காலுறையோடு நடந்து வந்து பேனரின் முன்னால் நின்றாள்.

“நல்லாருக்கா எங்க கொளுந்தியா” என்று சிரித்தாள். “கோட்டெல்லாம் போட்டு டாக்டர் மாதிரி.”

“நீ எப்படிம்மா இருக்க? மாடு எப்படி இருக்குது?”

“கெடேரி நல்லாக் கொழுகொழுன்னு இருக்கு டீச்சர். நீங்க அங்க சொல்லிக்குடுத்தபடிதான் வளக்கேன்.” பிறகு கத்திரியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். “டீச்சர், ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். என் சீட்டுக்கு யாரு வந்தா?”

கொண்டை ஊசி வளைவெல்லாம் இன்னும் என் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. பொய் சொல்லத் தோன்றவில்லை. “யாரும் வரலையேம்மா. காலியாத்தான் கெடந்துது.”

“வருசம் முழுக்கவா?”

“ஆமா.”

அவள் சிரிப்பு நின்றுபோயிற்று. “யாராச்சும் ஒரு பிள்ள வந்து உக்காந்திருக்கும்னு நெனச்சேன் டீச்சர். கஷ்டப்பட்ட வீட்டுப் பிள்ளையா இருக்கும், நல்லாப் படிக்கும்னு நானா நெனச்சுக்கிட்டே கொழுந்து வெட்டுவேன். இவகிட்ட போன்ல கேக்கவும் பயம். யாரும் வராம சும்மாவா டீச்சர் கெடந்துச்சு?”

நான் அவள் கையைப் பிடித்தேன். கொழுந்துக் கறை ஏறி விரலெல்லாம் கறுத்திருந்தது. “இன்னும் இருக்குதும்மா சீட்டு. இந்த வருசமும் இருக்குது” என்றேன்.

“அதெப்பிடி டீச்சர்? நான் வந்துட்டா வீட்டுக்குப் பேரு?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. மழை வந்தால் துணியை யார் எடுப்பது என்று கேட்பதுபோல்தான் கேட்டாள்.

வெளியே சங்கு ஊதியது. கையை உருவிக்கொண்டு, “நேரமாச்சு, சூப்பர்வைசர் ஏசுவாரு” என்று பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

டிரைவர் பேனரின் மறுமுனைக் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தார். “கட்டட்டுமா டீச்சரே, வேண்டாமா?” என்று மட்டும் கேட்டார். கட்டச் சொன்னேன். பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள், வேலைக்குப் போகாத சில தாய்மார்களும் உட்கார்ந்தார்கள். மண், விதை, வேலை என்று வழக்கமான பேச்சைப் பேசி முடித்தேன். சொந்த மண் என்ற வார்த்தையை விட்டுவிட்டேன். கடைசியில் கை தூக்கச் சொல்லும் இடம் வந்தது. முன்வரிசையில் ஒரு பெண் நான் கேட்பதற்கு முன்பே கையைத் தூக்கத் தயாராக, அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“உங்க வீட்டுக்கு யாரு பேரும்மா?” என்று அவளிடம் கேட்டேன்.